கல்லூரி மைதானங்கள்: கொடையும் கடனும்

ஒரு கல்லூரியின் வரலாற்றை எழுதப் புகுவோர் நிறுவியவர் பெயரையும், அடுத்தடுத்து வந்த அதிபர்களின் காலத்தையும், பரீட்சைப் பேறுகளையும் விரித்தெழுதுவர். மைதானம் எவ்வாறு வந்தது என்பதற்கு ஒரு வரி போதும் என்பது அவர்தம் எண்ணம் போலும். நிலம் யாரிடமிருந்து பெறப்பட்டது, பணம் கொடுத்தவர் யார், கொடுத்தவர் அதற்கு ஈடாக எதனை எதிர்பார்த்தார், பின்னாளில் அதனைப் பேணியவர் யார் என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை. ஆயின் இவ்வினாக்களே கல்லூரிகளின் போக்கை நிருணயித்த நாடு ஒன்று உண்டு. அஃது ஐக்கிய அமெரிக்கா. அந்நாட்டுக் கல்லூரிகள் உதைபந்தாட்டத்திற்காகக் கட்டிய அரங்குகளின் பொருள்வரலாறு, நாம் இன்று நோக்கத்தக்க ஒன்று.

ஏன் இன்று என்பதற்கு விடை ஆனையிறவிலேயே இருக்கின்றது. 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளிற் படைகள் பொருதிய இவ்வுவர்வெளியைக் கடந்து தெற்கே பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் செல்வோர் வழிநெடுகப் பாடசாலைத் திடல்களைக் காண்பர். 2009இல் வன்னி மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தபோது அவர்களை எதிர்கொண்டவை கூரையற்ற வகுப்பறைகளும் பற்றை மூடிய திடல்களுமே. வடக்கே பளை, முகமாலைப் பகுதிகளிற் கண்ணிவெடி அகற்றுவோர் அங்குலம் அங்குலமாக நிலத்தைச் சோதித்து விடுவித்த பின்னரே பிள்ளைகள் புல்லிற் காலடி வைக்கலாம் என்ற நிலை பல்லாண்டு நீடித்தது. விளையாடுதற்கு நிலம் வேண்டும் என்பது எந்நாட்டிற்கும் பொது; அந்நிலம் விளையாடுபவனின் காலை வாங்காதிருத்தல் வேண்டும் என்பதையும் நாம் சேர்த்து எண்ணவேண்டியதாயிற்று. பின்னர் அரசின் பணம், பிறநாட்டு உதவி, கடல்கடந்து வாழும் பழைய மாணவரின் காசு எனப் பல வாய்க்கால்கள் பாடசாலைகளை நோக்கித் திரும்பின. இவ்வாய்க்கால்கள் ஒவ்வொன்றும் அமெரிக்கக் கல்லூரிகட்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிமுகமானவை.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று கூறுவது நாம் கூறுவது அன்று. 1869ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ரட்கேர்ஸ், பிரின்ஸ்ரன் ஆகிய இரு கல்லூரிகளும் ஆடிய முதலாட்டம் ஓரளவு நம்முடையதை ஒத்திருந்தது. அதன்பின் அவர்கள் றகர் வழியிற் சென்று, பந்தைக் கையிலேந்தி ஓடி, ஒருவரையொருவர் வீழ்த்தும் ஆட்டமாக அதனை மாற்றிக்கொண்டனர். காலுக்கு அதில் வேலை குறைவு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற்கு மைதானம் வந்தது கொடையாக. 1890இல் ஹென்றி லீ ஹிகின்சன் என்னும் வங்கியாளர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்ட தம் நண்பர் அறுவரின் நினைவாக 31 ஏக்கர் நிலத்தை வழங்கினார். தம் பெயரை அதற்கு இட அவர் விரும்பினாரல்லர். போர்வீரர் திடல் என்னும் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. கொடுத்தவர் ஈடாக எதனையும் கேளாத கொடை அது. பின்வந்தவை அத்தகையன அல்ல.

அத்திடலில் 1903இல் எழுந்த அரங்கிற்கு ஏறத்தாழ 310,000 டொலர் செலவாயிற்று. அதில் 100,000 டொலர் 1879ஆம் ஆண்டு வகுப்பினரின் நன்கொடை. எஞ்சியது விளையாட்டுச் சங்கம் நுழைவுச் சீட்டு விற்றுச் சேர்த்த பணம். எறக்குறைய நான்கரை மாதத்தில், இரும்புக் கம்பி பொதிந்த கொங்கிறீற்றினால், குதிரைலாட வடிவில் அது கட்டப்பட்டது. அத்துணைப் பெரிய கட்டடத்திற்கு அப்பொருளைப் பயன்படுத்துதல் அக்காலத்திற் புதுமை. அப்பல்கலைக்கழகத்துப் பொறியியற் பேராசிரியர் ஒருவரே அதனை வடிவமைத்தோருள் முதன்மையானவர். நவம்பர் மாதத்தில் நடந்த முதலாட்டத்தில், புதுமனை புகுந்த ஹாவார்ட் அணியை டார்ட்மத் கல்லூரி 11க்கு 0 என வென்றது. டார்ட்மத் நமக்கு முற்றும் அந்நியமான பெயர் அன்று. 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரி தொடங்கிய டானியல் பூவர் அக்கல்லூரியிற் பயின்றவர்.

கொங்கிறீற்று ஒருமுறை இறுகிய பின் ஆட்டமும் அதற்கு அடங்கவேண்டியதாயிற்று. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் இவ்வாட்டத்தால் இளைஞர் பலர் மாண்டனர். சனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் ஹாவார்ட், யேல், பிரின்ஸ்ரன் ஆகியவற்றின் ஆட்டப் பொறுப்பாளரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். நெருக்கியடித்து மோதுவதைக் குறைக்க ஆடுகளத்தை அகலப்படுத்தலாம் என்பது ஒரு யோசனை. ஹாவார்ட்டின் புதிய அரங்கோ ஆடுகளத்தை மூன்று பக்கமும் இறுக அணைத்து நின்றது. அகலப்படுத்த வேண்டுமெனின் இரண்டாண்டு வயதுள்ள கட்டடத்தை இடிக்கவேண்டும். ஆகவே 1906இல் களத்தை விடுத்து விதியை மாற்றி, பந்தை முன்னோக்கி எறிய இசைவளித்தனர் என்று கூறுவர். இன்றைய அமெரிக்க ஆட்டத்தின் உயிர்நாடி அந்த எறிதலே. விளையாட்டு கட்டடத்தை உண்டாக்குவதே முறை. ஈண்டுக் கட்டடம் விளையாட்டை உண்டாக்கிற்று.

யேல் பல்கலைக்கழகம் 1914இல் நிலத்தை அகழ்ந்து, அகழ்ந்த மண்ணைச் சுற்றிலும் குவித்து, எழுபதினாயிரம் பேர் அமரும் ஒரு பெருங்கிண்ணத்தைச் சமைத்தது. பணம் கொடுத்தவர்கட்கு நல்லிருக்கைச் சீட்டுகளை வாங்கும் முன்னுரிமை அளிக்கப்பட்டது. கொடைக்கும் வாணிகத்திற்கும் இடையிலுள்ள வேலி இங்கே சாய்கின்றது. முதலாட்டத்தில் யேலும் தோற்றது. ஹாவார்ட் 36, யேல் 0. புதிய அரங்கு கட்டினால் வெற்றி தானே வரும் என்போர் இவ்விரு தோல்விகளையும் நினைவிற் கொள்வாராக. இங்கே பிறிதொன்றும் கூறத் தோன்றுகின்றது. அப்பல்கலைக்கழகம் தாங்கி நிற்கும் பெயர் எலிகு யேலின் பெயர். அவர் 1687 தொடக்கம் 1692 வரை சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து பெருஞ்செல்வம் ஈட்டியவர். அவர் 1718இல் அனுப்பிய பொருள்களை விற்ற பணமே அக்கல்லூரியின் தொடக்கக் கட்டடத்திற்கு உதவிற்று. தமிழ்நாட்டுக் கடற்கரையிற் சேர்ந்த செல்வம் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு அடித்தளமிட்டதை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

முதலாம் உலகப்போர் முடிந்தபின் மற்றொரு வழி பிறந்தது. வெறும் விளையாட்டரங்கு கட்ட நிதி திரட்டுதல் கடினம். மாண்ட வீரர்க்கு நினைவாலயம் கட்டுகின்றோம் எனின் எவரும் மறுப்பதில்லை. இலினோய் பல்கலைக்கழகத்தில் 1921ஆம் ஆண்டு மாணவர் ஒன்றுகூடித் தாமே பெருந்தொகை தருவதாக வாக்களித்தனர். 1923இல் முதலாட்டம் நடந்தது; 1924 அக்டோபரில் அரங்கு முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது. போரில் உயிர்நீத்த அப்பல்கலைக்கழகத்தாரின் பெயர்கள் அங்குள்ள தூண்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவர்க்கு ஒரு தூண். கலிபோர்னியா முதலிய பல பல்கலைக்கழகங்களும் அவ்வாண்டுகளில் இவ்வழியிலேயே நினைவரங்குகளை எழுப்பின. இதனைப் படிக்குந்தோறும் என் மனம் யாழ்ப்பாணம் முற்றவெளிக்கு அண்மையிலுள்ள துரையப்பா விளையாட்டரங்கிற்குச் செல்கின்றது. 1975இற் கொலையுண்ட யாழ் மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் பெயரால் வழங்கும் அவ்வரங்கு போரினாற் பாழாகி நெடுங்காலம் கிடந்தது. 1999இல் அதனைத் திருத்துவதற்காக நிலத்தை அகழ்ந்தபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இலினோயில் மாண்டோர் பெயர் தூணின்மேல் நின்றது. இங்கே மாண்டோர் பெயரின்றி மண்ணின்கீழ்க் கிடந்தனர். பின்னர் இந்திய அரசு ஏறத்தாழ ஏழு கோடி இந்திய ரூபா செலவில் அவ்வரங்கைப் புதுப்பித்துக் கொடுத்தது. 2016 ஜூன் மாதம் 18ஆம் நாள் அது திறந்துவைக்கப்பட்டது.

இனி மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்கு வருவோம். இவ்வரலாற்றில் மிகுந்த நுட்பமுடையவர் அங்கு உதைபந்தாட்டப் பயிற்றுநராக வந்து பின் விளையாட்டுத்துறை இயக்குநரான பீல்டிங் யோஸ்ற் என்பவரே. அவர் அரசின் வரிப்பணத்தைக் கேட்கவில்லை. நன்கொடைப் புத்தகத்தையும் ஏந்தவில்லை. 500 டொலர் பெறுமதியுள்ள 3,000 பிணைமுறிகளை வெளியிட்டார். மொத்தம் 15 இலட்சம் டொலர். வட்டி நூற்றுக்கு மூன்று. வாங்கியவர்க்கு வட்டியோடு, பத்தாண்டு காலத்திற்கு நல்ல இருக்கைகட்குரிய சீட்டுகளை வாங்கும் உரிமையும் கிடைத்தது. ஆட்டத்தைக் காணும் ஆவலையே ஈடாக வைத்துக் கடன் பெற்ற இச்சூழ்ச்சியை வணிகர் பலரும் வியந்திருப்பர். பல்கலைக்கழக ஆட்சிக்குழு 1926 ஏப்ரலில் இசைவளித்தது. 1927 அக்டோபர் முதலாந் தேதி ஒகாயோ வெஸ்லியன் கல்லூரியுடன் முதலாட்டம் நடந்தது. அரங்கிற்கான செலவு ஏறத்தாழ 950,000 டொலர். கொங்கிறீற்று இருக்கைகள் 72,000. மரப்பலகை இருக்கைகளையும் சேர்த்து 84,401 பேர் அமரலாம். பிற்காலத்தில் அரங்கை உயர்த்த வேண்டிவரும் என்று கருதி, அடித்தளத்தை அன்றே வலிதாக இடச் செய்தார். இன்று அங்கு 107,601 இருக்கைகள் உள.

ஆயின் யோஸ்றை யான் மதிப்பது அந்த அரங்கிற்காக அன்று. 1923இல் அவர் பனிக்காலத்திலும் வீரர் பயிற்சி செய்யத்தக்க கூரையிட்ட பயிற்சி மண்டபம் ஒன்றைக் கட்டுவித்தார். 1928இல், கல்லூரி அணியிற் சேராத சாதாரண மாணவர் தமக்குள் விளையாடுதற்கென்றே தனிக் கட்டடம் ஒன்று எழுந்தது. அந்நாட்டில் அவ்வகைக் கட்டடங்களுள் அதுவே முதலாவது. உதைபந்தாட்டம் ஈட்டிய பணம் உதைபந்தாட்டம் ஆடாதவனுக்கும் பயன்பட்டது. பார்ப்போர்க்கு இருக்கை கட்டுவது ஒன்று. ஆடுவோர்க்குப் பயிற்சியிடம் கட்டுவது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குதல் நம்மவரிடமும் உண்டு. திறப்புவிழாவிற் பிரதம அதிதி அமர்வதற்கு மண்டபம் இருக்கும். பந்தை உதைக்கும் பிள்ளைக்குக் கால் கழுவக் குழாய் இராது. யான் அறிந்த பாடசாலைகளில் இந்நிலையைக் கண்டிருக்கின்றேன்.

கடன் கொண்டு கட்டியவன் கடனைத் தீர்க்க வேண்டும். தீர்ப்பதற்குச் சீட்டு விற்கவேண்டும். விற்பதற்கு அணி வெல்லவேண்டும். வெல்வதற்கு நல்ல வீரனை எங்கிருந்தாயினும் கொணரவேண்டும். அவ்வீரன் படிப்பானா என்னும் கேள்வி இவ்வரிசையில் எங்கும் இடம்பெறுவதில்லை. 1929 அக்டோபரிற் கார்னகி அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கை இதனையே அம்பலமாக்கிற்று. ஹாவார்ட் சவேஜ் என்பாரும் அவருடன் உழைத்தோரும் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து, அவற்றுட் பெரும்பாலானவற்றில் வீரரை விலை பேசி அழைக்கும் வழக்கமும் பணம் கொடுத்துப் பேணும் வழக்கமும் இருத்தலைக் கண்டனர். அம்மாதத்திலேயே நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. பெருமந்தம் தொடர்ந்தபோது சீட்டு விற்பனை குன்றிற்று. அரங்குக் கடன்கள் கல்லூரிகட்குச் சுமையாயின.

சிக்காகோ பல்கலைக்கழகம் மட்டும் வேறொரு வழியிற் சென்றது. அமோஸ் அலொன்சோ ஸ்ராக் என்னும் புகழ்பெற்ற பயிற்றுநர் 1892 முதல் நாற்பது ஆண்டுகள் அங்கு அணியை நடத்தினார். மைதானமும் அவர் பெயராலேயே வழங்கிற்று. அவருக்குப் பின் அணி தளர்ந்து, 1939இல் மிச்சிகனிடம் 85க்கு 0 எனத் தோற்றது. அவ்வாண்டு டிசம்பரில், தலைவர் ரொபேட் ஹட்சின்ஸின் காலத்தில், பல்கலைக்கழகம் அவ்வாட்டத்தையே கைவிட்டது. வெறிதே நின்ற அரங்கின் மேற்குப் படிக்கட்டுகளின் கீழ், 1942 டிசம்பர் 2ஆம் நாள், என்றிக்கோ பேர்மி தலைமையில் அணுவின் முதற்றொடர்வினை நிகழ்த்தப்பட்டது. அரங்கின் அப்பகுதி 1957இல் இடிக்கப்பட்டது. 1970இல் அத்திடலிற் பெரியதொரு நூலகம் திறக்கப்பட்டது. மைதானம் நூலகமாவது கல்விக்கு வெற்றி என நண்பர் சிலர் மகிழ்வர். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியில்லை. அப்பல்கலைக்கழகமும் 1969இல் மீண்டும் தன் அணியைக் களமிறக்கிற்று, வேறொரு திடலில், பேரரங்கு எதுவும் இன்றி. படிக்கும் இளைஞனுக்கு ஓட ஓரிடம் வேண்டும் என்பதை நூலகம் மறுப்பதில்லை.

இன்றைய நிலையைச் சுருங்கக் கூறின் போதும். தொலைக்காட்சிப் பணமும் செல்வர் கொடையும் சேர்ந்தபின் பயிற்சியிடங்களும் அரண்மனைகளாயின. 2013இல் ஒறிகன் பல்கலைக்கழகத்தில், நைக்கி நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான பில் நைற்றின் கொடையாற் கட்டப்பட்ட உதைபந்தாட்ட நிலையத்திற்கு 68 மில்லியன் டொலர் செலவாயிற்று எனச் செய்தி வந்தது. முடிதிருத்துமிடமும் அதில் உண்டு. இளம் வீரர் தத்தம் கல்லூரியைத் தெரிவதற்கு இத்தகைய கட்டடங்களே தூண்டிலாய் இருந்தன. 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை ஒன்றின்படி, கல்லூரிகள் தம் வருவாயில் ஒரு பகுதியை வீரர்க்கு நேரே கொடுக்கலாம். 1929ஆம் ஆண்டு அறிக்கை குற்றமெனக் கண்டது இப்போது விதியாகிவிட்டது.

நம் கல்லூரிகள் இத்தகைய செல்வத்தை அறியா. நம் சைவப் பள்ளிகளின் தொடக்கம் பிடியரிசி. உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துப் புறம்பாக வைத்து, வாரந்தோறும் சேர்த்துப் பள்ளி நடத்திய மரபு நம்முடையது. அதன் சிறப்பு அளவில் இல்லை. நிற்காமல் வருவதில் இருந்தது. மைதானங்களும் முற்காலத்தில் முகாமைக் குழுவினரின் முயற்சியாலும் பழைய மாணவரின் கொடையாலும் காணி காணியாகச் சேர்ந்தவை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. அதன்பின் மைதானம் அரசினதாயிற்று. அதனைப் பேணும் கவலை மட்டும் அதிபரிடமும் பழைய மாணவர் சங்கத்திடமும் எஞ்சியது. உடைமை ஓரிடத்தும் கவலை வேறோரிடத்தும் இருப்பின் இடையில் வளர்வது தொட்டாற்சுருங்கி.

வன்னியில் இக்கவலைக்குத் தனித்தன்மை உண்டு. ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி, திடல் சேறாகும். பின்னர் மாதக்கணக்கில் வெயில். அச்சேறு ஓடுபோல் இறுகும். இறுகிய தரையில் விழும் சிறுவனின் முழங்கால் எவ்வளவு காலத்தில் ஆறும் என்பதை விளையாட்டுப் பொறுப்பாசிரியர் அறிவர். புல் நிற்க நீர் வேண்டும். இரணைமடு நீர் சிறுபோக வயலுக்கே போதாத ஆண்டுகள் உண்டு. அதனைப் புல்லுக்குக் கேட்க எவர்க்கும் நாவெழாது. ஆனையிறவை அண்டிய ஊர்களிற் கிணற்று நீரும் உவர். வேலி இல்லாத திடலிற் கட்டாக்காலி மாடுகள் இரவெல்லாம் படுத்திருக்கும். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் உதைபந்தாட்டத்தில் நாடறிந்த பெயர் பெற்றபின் நம் பெண்பிள்ளைகளும் பந்தைக் கேட்கின்றனர். அவர்கட்கு உடைமாற்றும் அறையும் நீரும் இல்லாத திடல், எத்துணைப் பெரிதாயினும், பாதித் திடலே.

ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ பழைய மாணவர் கிளை ஒன்று கடிதம் எழுதி, கல்லூரிக்கு யாது வேண்டும் என்று கேட்கும்போது, பார்வையாளர் மண்டபம் வேண்டும் என்று உடனே விடையெழுதும் வழக்கத்தைச் சிறிது தள்ளிவைக்கலாம். யோஸ்றின் பிணைமுறி பத்தாண்டு உரிமைக்கு விற்கப்பட்டது போல, நம்மவரையும் பத்தாண்டுப் பொறுப்பிற்கு அழைக்கலாம். ஒரு குழாய்க்கிணறு, அதன் நீர் உவரெனின் மழைநீர் சேர்க்கும் தொட்டி, சுற்றுவேலி, மாணவியர்க்கு ஓர் அறை, ஓர் உருளை ஆகியவற்றை முதலாண்டுப் பணத்திற் செய்யலாம். எஞ்சிய ஒன்பது ஆண்டுகளும் கேட்கவேண்டியது மைதானக் காவலாளி ஒருவரின் மாதச் சம்பளமும், ஆண்டுதோறும் இரு டசின் பந்துகளும். மண்டபத்திற்குரிய நிலத்தை வரைபடத்தில் ஒதுக்கி வைத்தால், பின்வரும் அதிபர் எவரேனும் அதனைக் கட்டிக்கொள்வார்.